வெள்ளாறு கடலில் சேரும் ஊர்: பரங்கிப்பேட்டை பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில்

பரங்கிப்பேட்டை என் சொந்த ஊர். கடல் உயிரியல் படித்ததும் அங்கேதான், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தில். இப்போது சிங்கப்பூரில் வேலை. சிதம்பரம் போகிறவர்கள் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிச்சாவரம் கண்டல் (அலையாத்தி) காட்டில் ஒரு மணி நேரம் படகில் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கழிமுகத்தை அப்படிப் பார்த்தால் பாதிகூடத் தெரியாது. சிங்கப்பூரின் பல வட்டாரங்களிலிருந்து வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை விளக்கமாகவே எழுதுகிறேன்; ஒவ்வொரு கேள்விக்கு முன்னும் கேட்டவரின் வட்டாரப் பெயர் இருக்கிறது.

ஈசூன்: அக்கா, பிள்ளைகளுக்கு ஜூன், டிசம்பர்தான் நீண்ட விடுமுறை. எப்போது போகலாம்?

இரண்டுமே சிரமமான மாதங்கள்தான் தம்பி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே வடகிழக்குப் பருவமழை. சேலம் பக்கத்து மலைகளில் பெய்யும் மழையெல்லாம் வெள்ளாற்றில் வந்து சேரும். கழிமுகம் முழுக்கச் செந்நிறமாகி, கடலோரம் வரை தண்ணீர் உப்புக் குறைந்துவிடும். புயலும் அந்த மாதங்களில்தான் வரும். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூர்க் கரையைப் புரட்டிப் போட்டது. ஜூனில் நேர்மாறு. ஆற்றில் நீர்வரத்து இருக்காது, கடல் உள்ளே ஏறி வந்துவிடும், வெயில் தாங்காது.

மார்ச் மாதத்து ஒரு வார விடுமுறையில் போங்கள். மழைச்சேறு படிந்து தண்ணீர் தெளிந்திருக்கும். வலசைப் பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது. ஜனவரியிலிருந்து அந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் காலமும் அதுதான். பள்ளிப் பிள்ளைகள் இல்லாதவர்கள் பொங்கல் முடிந்ததும் கிளம்பலாம், இன்னும் குளுமை.

தெம்பனிஸ்: பிச்சாவரத்தில் படகுக்காரர் "தண்ணி பத்தாது" என்று உள் கால்வாய்க்குப் போக மறுத்துவிட்டார். ஏமாற்றினாரா?

இல்லை, உண்மையைத்தான் சொன்னார். ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். நேரமும் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். அதனால் நேற்று ஒருவர் காலை எட்டு மணிக்குப் போய் ரசித்தார் என்பதற்காக, அடுத்த வாரம் அதே எட்டு மணி உங்களுக்கு வாய்க்காது. சிங்கப்பூரின் புலாவ் ஊபின் தீவில் செக் ஜாவா கடற்கரையைப் பார்த்தவர்கள் அந்த அளவு ஏற்றவற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். சிங்கப்பூரில் இரண்டு, மூன்று மீட்டர் வரை போகும். அங்கே ஒரு மீட்டர்கூட இருக்காது. ஆனால் கால்வாய்களே ஆழமில்லாதவை என்பதால், அந்தக் கொஞ்ச வித்தியாசமே படகு நுழையுமா நுழையாதா என்பதைத் தீர்மானித்துவிடும்.

முதல் நாளே படகுத்துறையில் "நாளைக்கு ஏத்தம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டு வையுங்கள். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள். வேர்கள் தலைக்கு மேல் பந்தலாகக் கவியும் குறுகலான இடங்களுக்கு அதுதான் போகும், கொக்கும் மீன்கொத்தியும் மிரளாது.

ஜூரோங்: சிதம்பரத்தின் தில்லை மரம் அங்கே உண்டா?

உண்டு, கண்டலும் சுரபுன்னையும் நிற்கும் அதே காட்டில். சிதம்பரத்துக்குத் தலமரம் அதுதான். இலையையோ கிளையையோ ஒடிக்காதீர்கள். வெள்ளையாக வடியும் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இந்த மரத்தைப் பார்க்க விமானம் ஏறத் தேவையில்லை, சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஈரநிலத்திலும் நிற்கிறது. பிள்ளைகளுக்கு முதலில் அங்கே காட்டிவிட்டுக் கூட்டிப்போங்கள்.

செங்காங்: சுனாமியில் அந்தக் காடுதான் ஊரைக் காப்பாற்றியது என்கிறார்களே?

காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. ஆனால் அதே 2004 டிசம்பர் 26 அன்று, கடலுக்கு நேராக இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற மீனவக் குடியிருப்பு அழிந்தேபோனது. கிள்ளை வட்டாரத்தில் இறந்துபோனவர்களை இன்றும் பெயர் சொல்லி அழுகிறார்கள். காடு காப்பாற்றியது என்று சொல்லும்போது அவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. பிச்சாவரம் 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நல்ல செய்தி.

பிடோக்: கடலில் குளிக்கலாமா?

ஆறு கடலில் சேரும் இடத்தில் கூடவே கூடாது. மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும், நீர் வற்றும் நேரத்தில் வெளியே இழுக்கும். வடக்கே சாமியார்பேட்டையில் நல்ல கடற்கரை இருக்கிறது. அங்கேயும் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸ்: அவ்வளவு பழைய துறைமுகம், ஏன் சென்னை மாதிரி வளரவில்லை?

போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் கடை விரித்த ஊர். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையும் மோதியது அங்கேதான். 1830 வாக்கில் ஹீத் என்ற ஆங்கிலேயர், சேலத்து இரும்புத்தாதுவை மரக்கரியில் உருக்கும் ஆலையே தொடங்கினார். கரிக்கு மரம் கிடைப்பது அரிதாகி, அதுவும் நின்றுபோனது.

துறைமுகம் சுருங்கியதற்கு ஆற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருப்பதால் வாய் ஆழமில்லை. பெரிய கப்பல்கள் தூரத்தில்தான் நிற்க முடியும். ஆனால் அதே மண்ணும் கலங்கல் நீரும்தான் கண்டல் காட்டையும், அதில் வளரும் இறாலையும் நண்டையும் கொடுத்தன. பல்கலைக்கழகம் கடல் ஆய்வு மையத்தை அங்கே வைத்ததற்கும் அதுதான் காரணம்: நல்ல நீர், உப்பு நீர், இரண்டும் கலந்த நீர், மூன்றும் பக்கத்திலேயே கிடைக்கின்றன.

பொங்கோல்: என்ன சாப்பிடுவது?

கொடுவா, மடவை, சேற்று நண்டு. சிங்கப்பூர் ஈரச்சந்தையில் 'சியாக்காப்' என்று வாங்குகிறோமே, அந்தக் கொடுவாதான். மடவையைக் குழம்பு வைத்தால்தான் ருசி.

தோ பாயோ: எப்படிப் போவது, எங்கே தங்குவது?

திருச்சிக்கு விமானம், அங்கிருந்து தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகச் சிதம்பரத்துக்கு ரயில். சிதம்பரத்தில் தங்குங்கள், வசதி அதிகம். காரில் போகிறவர்கள் பி.முட்லூரில் கிழக்கே திரும்ப வேண்டும்.

கேலாங்: எங்கள் தாத்தா பரங்கிப்பேட்டையிலிருந்து கப்பலேறி வந்தவர். சொந்தக்காரர்களைத் தேட முடியுமா?

முடியும், நம்பிக்கையோடு போங்கள். ரஜூலா கப்பல் ஓடிய காலத்தில் வந்தவரென்றால் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ஏறியிருப்பார், ஆகவே கப்பல் பதிவை பரங்கிப்பேட்டையில் தேட வேண்டாம். தாத்தாவின் தெருப்பெயர், குடும்பப் பட்டப்பெயர் இரண்டையும் வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அங்கே ஆளைவிடப் பட்டப்பெயரைச் சொன்னால்தான் அடையாளம் தெரியும். முஸ்லிம் குடும்பமென்றால், பிறகு பள்ளிவாசல் ஜமாஅத்தில் போய்க் கேளுங்கள், பழைய திருமணப் பதிவேட்டில் தாத்தாவின் வாப்பா பெயர் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. லுஹர் (மதிய) தொழுகை முடிந்த நேரம் போனால் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் அங்கேயே இருப்பார்கள். பழைய புகைப்படம் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.