கேம் தள்ளுபடி: முதல் இரவே வாங்க வேண்டுமா?

கேள்வி: என் மகன்கள் இருவரும் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கிறார்கள். ஜூன் கடைசியில், கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் கோடைக்கால விற்பனை வருகிறது, 80 சதவீதம் வரை தள்ளுபடி, முதல் நாளே வாங்காவிட்டால் போய்விடும் என்று 3,000 ரூபாய் கேட்கிறார்கள். போன டிசம்பரில் இப்படித்தான் ஏழு கேம் வாங்கினார்கள். அவற்றில் நான்கை இன்னும் திறக்கவே இல்லை. இருவருக்கும் தனித்தனியாக வாங்க வேண்டுமா? வேறொரு தளத்தில் அதே கேமின் 'கீ' (கேமைக் கணக்கில் சேர்க்க உதவும் குறியீடு) பாதி விலைக்குக் கிடைக்கிறது என்கிறான் சின்னவன். வீட்டில் இருப்பதோ ஐந்து வருடப் பழைய லேப்டாப். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அந்த அவசரத்தை ஒதுக்கிவைப்போம். உங்கள் மகன்கள் சொல்வது பத்து ஆண்டுகளுக்கு முன்பு உண்மையாக இருந்தது. அப்போது ஸ்டீமில் சில மணி நேரம் மட்டுமே நீடிக்கும் தள்ளுபடிகள் உண்டு. காலையில் பாதி விலையில் இருந்த கேம் மாலையில் கால் விலைக்கு வரும், விடிவதற்குள் மறுபடி ஏறிவிடும். அலாரம் வைத்து எழுந்து வாங்கியவர்களில் நானும் ஒருவன். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2015 இறுதியில் அந்த முறையைக் கைவிட்டது. இப்போது பருவகால விற்பனையில் ஒரு கேமுக்கு முதல் நாள் என்ன விலையோ, பெரும்பாலும் அதுவே கடைசி நாள் வரைக்கும். கோடைக்கால விற்பனை நம் நேரப்படி இரவு 10.30 மணிக்குத் தொடங்கும். முதல் ஒரு மணி நேரம் கூட்டம் தாங்காமல் தளம் திணறும். அந்த இரவில் கண்விழிப்பதால் ஒரு ரூபாயும் மிச்சமாகாது.

விற்பனை இரண்டு வாரம் நடக்கும். தவறவிட்டாலும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் இலையுதிர்கால விற்பனை, டிசம்பரில் குளிர்கால விற்பனை, மார்ச்சில் வசந்தகால விற்பனை என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். நம் ஊர் ஆடித் தள்ளுபடியோடு இதை ஒப்பிட்டுத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஜவுளிக்கடைக்காரர் தீபாவளிச் சரக்குக்கு இடம் வேண்டும் என்பதால் பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறார். நல்ல புடவை ஒன்று போனால் போனதுதான். கேமில் காலி செய்ய வேண்டிய கிடங்கும் இல்லை, தீர்ந்துபோகும் சரக்கும் இல்லை. புதிதாக வந்தவுடன் விளையாடியே தீர வேண்டும் என்பவரிடம் முழு விலை, ஆறு மாதம் பொறுப்பவரிடம் முக்கால் விலை, மூன்று ஆண்டு பொறுப்பவரிடம் கால் விலை. அவரவர் பொறுமைக்கு ஏற்பப் பணம் வாங்குவதற்காகவே இந்த ஏற்பாடு. அதனால் ஒரு கேம் ஒருமுறை 75 சதவீதத் தள்ளுபடிக்கு வந்துவிட்டால், அடுத்த விற்பனையிலும் அநேகமாக அதே விலைக்கோ அதற்கும் குறைவாகவோ வரும்.

விதிவிலக்குகளும் உண்டு. ஃபாக்டோரியோ என்ற தொழிற்சாலை கட்டும் கேமை உருவாக்கியவர்கள் தள்ளுபடியே தர மாட்டோம் என்று அறிவித்துவிட்டார்கள். சொன்னபடியே நடந்துகொண்டதோடு, 2023 ஜனவரியில் அதன் விலையை 30 டாலரிலிருந்து 35 டாலருக்கு உயர்த்தவும் செய்தார்கள். காத்திருந்தவர்களுக்கு நஷ்டம். இதற்கு நேர்மாறானது சைபர்பங்க் 2077 என்ற கேம். 2020 டிசம்பரில் வெளியானபோது அது பிழைகள் மலிந்து கிடந்தது. 2023-இல் வந்த 2.0 பதிப்புக்குப் பிறகே பலரும் மனம்விட்டுப் பாராட்டினார்கள். அதற்குப் பொறுத்திருந்தவர்கள் குறைந்த விலையில் நல்ல கேமை வாங்கினார்கள்.

அடுத்து, 80 சதவீதம் என்ற எண். 4,000 ரூபாய் கேமுக்கு 50 சதவீதம் தள்ளுபடி என்றால் உங்கள் கையிலிருந்து 2,000 போகிறது. 500 ரூபாய் கேமுக்கு 20 சதவீதம்தான் என்றாலும் 400 ரூபாயில் முடிந்துவிடுகிறது. சதவீதத்தைக் கையால் மறைத்துக்கொண்டு விலையை மட்டும் பாருங்கள். பிறகு ஸ்டீம்டிபி என்ற தளத்தில் அந்த கேமின் பெயரைத் தேடினால், ரூபாயில் அதன் விலை இதுவரை எப்படி ஏறி இறங்கியிருக்கிறது என்று வரைபடமாகவே காட்டும். இதற்கு முன் எட்டிய மிகக் குறைந்த விலைக்கு இப்போதைய விலை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. விற்பனைக்கு முந்தைய வாரம் விலையை ஏற்றிவிட்டுத் தள்ளுபடி என்று காட்டும் வித்தை ஸ்டீமில் அவ்வளவு எளிதல்ல. விலையை உயர்த்தினால் 30 நாள் தள்ளுபடி தரக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் மூன்று மாதம் முன்பே ஏற்றி வைப்பதை யாரும் தடுக்கவில்லை. வரைபடத்தில் அதுவும் தெரிந்துவிடும்.

டிஎல்சி எனப்படும் கூடுதல் பகுதிகளையும் கவனியுங்கள். மூல கேமை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு, பிற்சேர்க்கைகளில் பணத்தைப் பிடிப்பது சில நிறுவனங்களின் வழக்கம். தி சிம்ஸ் 4 கேமை 2022 அக்டோபரிலிருந்து இலவசமாகவே தருகிறார்கள். அதன் பிற்சேர்க்கைகள் எல்லாவற்றையும் வாங்கப் போனால் உங்கள் லேப்டாப்பின் விலையைத் தொடும். 'டீலக்ஸ்' பதிப்புகளில் கூடுதலாக வருவது பல நேரம் நாலு சட்டையும் ஒரு பாட்டுத் தொகுப்பும்தான். முதலில் மூல கேம் போதும். அதை முடித்துவிட்டு இன்னும் கேட்டால் டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த லேப்டாப்தான். ஒவ்வொரு கேமின் பக்கத்திலும் கீழே போனால், அது ஓடுவதற்குக் குறைந்தபட்சம் என்னென்ன வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். பால்டர்ஸ் கேட் 3 கேமுக்கு 150 ஜிபி இடம் வேண்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். ஒரு நாளைக்கு 2 ஜிபி தரும் செல்போன் இணைப்பை நம்பி அதைப் பதிவிறக்க இறங்கினால் இரண்டரை மாதம் ஆகும். இன்னொரு பக்கம், ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமுக்கு 2 ஜிபி ராமும் 500 எம்பி இடமும் போதும். நூறு மணி நேரம் விளையாடினாலும் தீராது. பழைய லேப்டாப்பில் கையால் வரைந்தது போன்ற இருபரிமாண கேம்கள் நன்றாக ஓடும், விலையும் குறைவு.

ஓடுமா என்ற சந்தேகம் இருந்தால் வாங்கிப் பார்த்துவிட்டே முடிவு செய்யலாம். 2015 ஜூனிலிருந்து ஸ்டீமில் பணத்தைத் திரும்பப் பெறும் வசதி இருக்கிறது. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் எதுவானாலும் கேட்கலாம். பதிவிறக்கும் நேரம் இதில் சேராது. ஆனால் கேமைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் அந்த நேரம் சேரும். பிள்ளைகளிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். முழு விலையில் வாங்கிய சில நாட்களிலேயே தள்ளுபடி வந்துவிட்டால், இந்த வரம்புக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குறைந்த விலையில் மறுபடி வாங்குவதையும் வால்வ் அனுமதிக்கிறது. பணம் செலுத்திய வழியிலேயே திருப்பி அனுப்ப முடியாமல் போனால், தொகை ஸ்டீம் வாலட்டில் வந்து சேரும். அதை வைத்து வேறு கேம் வாங்கலாம், வங்கிக் கணக்குக்கு மாற்ற முடியாது.

இருவருக்கும் தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை. 2024-இல் வந்த ஸ்டீம் ஃபேமிலிஸ் என்ற வசதியில் ஒரே வீட்டில் இருக்கும் ஆறு பேர் வரை சேரலாம். ஒருவர் வாங்கிய கேமை மற்றவர் தம் கணக்கிலிருந்தே விளையாடலாம். யார் எதுவரை விளையாடினார்கள் என்பது தனித்தனியாகச் சேமிக்கப்படும். ஒரே கேமை இருவரும் ஒரே நேரத்தில் விளையாட வேண்டுமானால்தான் இரண்டு பிரதி தேவை. இருப்பது ஒரு லேப்டாப் என்பதால் உங்களுக்கு அந்தச் சிக்கலே இல்லை. எல்லா கேமிலும் இந்தப் பகிர்வு கிடையாது. வாங்கும் முன் கேமின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். யார் கணக்கில் வாங்குவது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். ஒரு கணக்கில் வாங்கியதைப் பின்னால் இன்னொரு கணக்குக்கு மாற்ற முடியாது. அடுத்த ஆண்டு பெரியவன் கல்லூரி விடுதிக்குப் போகும்போது அவன் கணக்கில் இருப்பது அவனோடு போய்விடும். சின்னவனுக்கு ஒரு எச்சரிக்கை: அண்ணன் வாங்கிய கேமில் அவன் தில்லுமுல்லு செய்து மாட்டினால், அந்த கேமில் அண்ணனுக்கும் தடை விழும்.

நீங்களும் ஒரு கணக்கு தொடங்கி அந்தக் குடும்பத்தில் பெரியவராகச் சேர்ந்துவிடுங்கள். பிள்ளைகள் வேண்டியதைக் கூடையில் போட்டு உங்களுக்கு வேண்டுகோள் அனுப்பலாம். நீங்கள் பார்த்து ஒப்புதல் கொடுத்துப் பணம் செலுத்தலாம். கார்டு எண்ணை அவர்களிடம் கொடுக்கும் பேச்சுக்கே இடமில்லை.

இனி, சின்னவன் கண்டுபிடித்த பாதி விலை 'கீ'. இதில் இரண்டு வகைக் கடைகள் உண்டு. ஹம்பிள் பண்டில், ஃபனாட்டிகல் போன்றவை கேம் நிறுவனங்களிடமிருந்தே நேரடியாகக் கீ பெற்று விற்பவை. அவற்றில் வாங்குவதில் பயமில்லை. இரண்டாவது வகை சந்தைத் தளங்கள். அங்கே யார் வேண்டுமானாலும் கீ விற்கலாம், அது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. வேறு நாட்டில் மட்டும் செல்லுபடியாகும் கீயாக இருக்கலாம். திருட்டு கார்டில் வாங்கியதாகவும் இருக்கலாம். 2015 ஜனவரியில் யுபிசாஃப்ட் நிறுவனம், மோசடியாக வாங்கி மறுவிற்பனை செய்யப்பட்டவை என்று சொல்லி ஃபார் க்ரை 4 கேமின் கீகள் பலவற்றை ரத்து செய்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே, விளையாடத் தொடங்கியிருந்தவர்களுக்கு அவற்றைத் திருப்பித் தந்தது. வெளியே வாங்கிய கீக்கு ஸ்டீம் பணமும் திருப்பித் தராது. மிச்சமாகும் முந்நூறு ரூபாய்க்காக நான் அந்தப் பக்கம் போக மாட்டேன், உங்கள் மகனையும் போக விட வேண்டாம்.

3,000 ரூபாயை எப்படிச் செலவிடலாம்? நான் உங்கள் இடத்தில் இருந்தால் முழுவதையும் கொடுக்க மாட்டேன். விற்பனைக்கு முன்பே இருவரும் விருப்பப் பட்டியலில் ஆளுக்கு ஐந்து கேம் போட்டு வைக்கட்டும். தள்ளுபடி வந்தால் மின்னஞ்சல் வந்துவிடும். விற்பனை தொடங்கிய முதல் சனிக்கிழமை ஆளுக்கு ஒன்று, தலைக்கு 500 ரூபாய்க்குள். அன்றே பதிவிறக்கி, இரண்டு மணி நேரம் தாண்டுவதற்குள் லேப்டாப் சூடாகிறதா, திக்கித் திணறுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். இரண்டாவது வாரம், முதலில் வாங்கியதை உண்மையிலேயே விளையாடிக்கொண்டிருப்பவனுக்கு மட்டும் இன்னொன்று. அதே விலைதானே கடைசி நாள் வரை இருக்கப்போகிறது. மீதியை டிசம்பருக்கு வைத்துக்கொள்ளலாம்.

அதுவரை, போன டிசம்பரில் வாங்கித் திறக்காத அந்த நான்கையும் ஸ்டீம் ஃபேமிலிஸ் வழியாக இருவரும் பகிர்ந்துகொள்ளட்டும். அண்ணன் வாங்கி மறந்ததைத் தம்பி எடுத்து விளையாடுவது பல வீடுகளில் நடக்கிறது. இன்னும் வேண்டும் என்றால் எபிக் கேம்ஸ் தளத்தில் வாரந்தோறும் வியாழக்கிழமை இரவு ஏதாவது ஒரு கேம் இலவசமாகக் கிடைக்கும். 2020 மே மாதத்தில், பெரியவர்களுக்கான ஜிடிஏ 5 கேமையே ஒரு வாரம் அப்படிக் கொடுத்தார்கள். வயது வரம்பைப் பார்க்காமல் அதைச் சின்னவன் கணக்கில் சேர்த்த பெற்றோர்கள் அன்றைக்கு எத்தனை பேர் இருந்தார்களோ! நீங்கள் மட்டும் கூடையைத் திறந்து பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.