உதடு மரத்தது எப்போது?

கேள்வி: என் கணவருக்கு 51 வயது. இடது கீழ்த்தாடையில் புற்றுநோய். தாடை எலும்பை எடுத்துவிட்டு, கால் எலும்பை வைத்துக் கம்ப்யூட்டர் முறையில் சரிசெய்வதாகச் சொல்கிறார்கள். ஐந்து வாரம் முன்பு ஸ்கேன் எடுத்தாயிற்று. அடுத்த வாரம் ஆபரேஷன். மெஷின் தவறாக வெட்டிவிட்டால்? கால் ஊனமாகிவிடாதா? உள்ளே வைக்கும் உலோகம் துருப்பிடிக்குமா? கத்தி பட்டால் புற்று பரவும் என்கிறார்களே? பெண்ணுக்கு ஆவணி 20-ல் கல்யாணம். ஆடி வேறு பிறந்துவிட்டது. கல்யாணம் முடிந்து பார்க்கலாம் என்கிறார். மூன்று வாரமாகக் கீழ் உதடு மரத்திருக்கிறது, பி12 மாத்திரை போடுகிறார். மீசையை எடுக்க வேண்டியிருக்குமா என்றும் கேட்கச் சொன்னார்.
- ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்:

அம்மா, உங்கள் கடிதம் நான்கு பக்கம் இருந்தது, இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறார்கள். அதில் மூன்று பக்கம் கம்ப்யூட்டரைப் பற்றிய பயம். நான் நின்றது கடைசிப் பக்கத்தில், மீசைக்கு முந்தைய வரியில். உதடு மரத்திருப்பதை ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரிடம் சொன்னீர்களா? சொன்னதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் அவருக்குப் போன் செய்யுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு சன்னமான குழாய் ஓடுகிறது. அதற்குள் ஒரு நரம்பு. கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால் எலும்புக்குள் நுழைந்து, பல் வேர்களுக்கு அடியிலேயே வந்து, முன்பக்கம் ஒரு துளை வழியாக வெளியேறிக் கீழ் உதட்டுக்கும் மோவாய்த் தோலுக்கும் உணர்ச்சி கொடுப்பது அதுதான். பல் பிடுங்க ஊசி போட்டதும் உதடு பாதி தடித்துவிட்ட மாதிரி இருக்குமே, அது இந்த நரம்பு தூங்குவதால். அந்த ஊசி நான்கைந்து மணி நேரத்தில் இறங்கிவிடும். பிடுங்கும்போது நரம்பு அடிபட்டு மரத்துப்போவதும் உண்டு, ஆனால் அது அன்றைக்கே தெரிந்துவிடும். உங்கள் கணவருக்கு ஆடிய பல்லை எடுத்தது சித்திரையில் என்று எழுதியிருக்கிறீர்கள். பல் எடுத்த குழி ஆறவில்லை, சதைப் பரிசோதனையில் புற்று என்று வந்தது. ஆனி முதல் வாரத்தில் ஸ்கேன். உதடு மரத்தது ஆனி பாதியில். நடுவில் அந்த நரம்பைத் தொட்டது எது? புற்று இருக்கிற பக்கமே உதடு மரத்தால், கட்டி எலும்புக்குள் இறங்கி நரம்பைத் தொட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். இல்லை என்று தெரிந்தால் நல்லது. தெரிகிற வரைக்கும் அப்படித்தான்.

பி12 மாத்திரை மருந்துக்கடைக்காரர் கொடுத்ததாம். சத்துக் குறைவால் வரும் மரமரப்பு இரண்டு பாதத்திலும், இரண்டு கையிலும் வரும். ஒரு பக்க உதட்டில் மட்டும் வந்து, நடுக்கோட்டில் கோடு போட்டதுபோல நிற்காது. அந்தக் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடம் கேட்டது நம் தப்பு. மாத்திரையால் கெடுதல் ஒன்றும் இல்லை. மூன்று வாரம் போனதுதான் கெடுதல்.

இப்போது உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவோம். உதட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

ரோபோ எதுவும் வந்து வெட்டப்போவதில்லை. இணையத்தில் நீங்கள் பார்த்த படம் வேறு எதற்கோ எடுத்தது. ரம்பம் டாக்டரின் கையில்தான் இருக்கும். கம்ப்யூட்டரின் வேலை ஆபரேஷனுக்குப் பல நாள் முன்பே முடிந்துவிடுகிறது. முகத்துக்கு ஒரு சிடி ஸ்கேன், ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ கனத்தில் சீவிச் சீவி எடுத்தது. காலுக்கு ஒன்று, ரத்தக்குழாய் தெரிய சாய மருந்து ஏற்றி எடுத்தது. இரண்டையும் திரையில் போட்டு, டாக்டரும் ஒரு இன்ஜினியரும் உட்கார்ந்து எங்கே வெட்டுவது என்று கோடு போடுவார்கள். நோய் இல்லாத வலது தாடையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி இடது பக்கம் வைத்து, பழைய முகத்தின் வளைவை அதிலிருந்து எடுப்பார்கள்.

தாடை குதிரை லாடம் மாதிரி வளைந்தது. காலிலிருந்து எடுக்கும் ஃபிபுலா எலும்போ நேர்க்குச்சி. அதை இரண்டு மூன்று துண்டாகச் சாய்த்து வெட்டி, சேர்த்து வளைக்க வேண்டும். ஃபிபுலாவை இப்படித் தாடையாக்கும் முறையை நியூயார்க்கில் டாக்டர் ஹிடால்கோ 1989-ல் வெளியிட்டார். அதற்குப் பிறகும் பல வருஷம் அந்தச் சாய்வை எல்லோரும் கண்மதிப்பில்தான் வெட்டிக்கொண்டிருந்தோம். துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகப் பட்டையை, பிளேட் என்போம், இடுக்கியால் முறுக்கி, வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி முறுக்கி, அதற்கே ஒரு மணி நேரம் ஓடிவிடும். இப்போது கையில் ஒரு அச்சு வருகிறது. கட்டிங் கைடு என்போம். வெள்ளை நைலானில் அச்சடித்த துண்டு, உள்ளங்கையில் அடங்கும். எலும்பின் மேட்டிலும் பள்ளத்திலும் பல்செட் போல அசையாமல் உட்காரும். ரம்பம் நுழைய அதில் ஒரு பிளவு இருக்கும். பிளவு காட்டும் இடத்தில், அது காட்டும் சாய்வில் வெட்டினால் துண்டுகள் ஒன்றோடொன்று கதவும் நிலையும்போலச் சேரும். பிளேட்டும் அந்த வளைவுக்கே செய்து வந்துவிடும். நேரம் மிச்சம், பல் கடிக்கும் வரிசை சரியாக அமையும், முகமும் கோணாது. இவ்வளவுதான் அதன் லாபம், இது சின்ன லாபமும் கிடையாது. ஆனால் புற்று திரும்ப வராமல் தடுப்பது கம்ப்யூட்டரின் வேலையே கிடையாது. அது டாக்டர் எவ்வளவு தள்ளி வெட்டுகிறார் என்பதைப் பொறுத்தது.

சங்கடம் இங்கேதான். அந்தக் கைடுக்குத் தெரிந்தது ஸ்கேன் எடுத்த அன்றைய தாடை மட்டும். எலும்பின் வெளி உருவம் மாறாவிட்டால் ஐந்து வாரம் கழித்தும் கச்சிதமாகவே போய் உட்காரும். உள்ளே கட்டி கோட்டைத் தாண்டியிருந்தாலும் உட்காரும். அது ஒன்றும் சொல்லாது.

என்னிடம் வந்த ஒருவர், திட்டமெல்லாம் முடிந்த பிறகு இரண்டு மாதம் காணாமல் போனார். ஊரில் யாரோ பச்சிலை கொடுத்தார்களாம். திரும்பி வந்தபோது உதடு மரத்திருந்தது. ஆபரேஷனில் கைடு அழகாகப் பொருந்தியது, ஆனால் அது காட்டிய இடத்தில் எலும்பு நன்றாக இல்லை. கைடை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி வெட்டினோம். அவருக்கென்றே செய்து வந்த பிளேட் நீளம் போதவில்லை. அது இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா என்று கேட்பவர்களிடம் எடுத்துக் காட்டுவேன்.

ஆகவே உங்கள் டாக்டர் புதிதாக ஒரு ஸ்கேன் கேட்கலாம். நரம்பைப் பார்க்க எம்.ஆர்.ஐ.யும் கேட்கலாம். கோடு ஒரு சென்டிமீட்டர் தள்ளலாம், கைடை மறுபடி அச்சடிக்கச் சில நாள் ஆகலாம், அல்லது ‘வேண்டாம், கையால் வெட்டிக்கொள்கிறேன்’ என்று அவர் முடிவெடுக்கலாம். மூன்றும் சரியான முடிவுகள்தான். எதுவும் சொல்லாமல் போய்ப் படுப்பது மட்டும் சரியில்லை.

இன்று இரவு ஒன்று செய்யுங்கள். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து அதன் நுனியால் உதட்டின் வலது பக்கம் தொடுங்கள், அப்புறம் இடது. மோவாயிலும் அப்படியே. எங்கே தெரியவில்லை என்கிறாரோ அந்த எல்லையைப் பேனாவால் வரைந்து, போனில் ஒரு படம் எடுத்து, தேதியோடு டாக்டருக்கு அனுப்புங்கள். நான்கு பக்கக் கடிதத்தைவிட அவருக்கு அது உதவும்.

மற்ற பயங்களை வேகமாக முடித்துவிடுகிறேன். அந்த பிளேட் டைட்டானியம், துருப்பிடிக்காது, பின்னால் எம்.ஆர்.ஐ. எடுக்கவும் தடையில்லை. கத்தி பட்டால் பரவும் என்பது, முற்றிப்போன பிறகு கத்தியிடம் வந்தவர்களைப் பார்த்துக் கட்டிய கதை. இன்னொரு ஸ்கேனின் கதிரைப் பற்றி இந்த நேரத்தில் கவலைப்பட வேண்டாம். செய்துவைத்த பிளேட்டின் செலவு தாங்காவிட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். தாடையின் மாதிரியை மட்டும் அச்சடித்து, சாதாரண பிளேட்டை முன்கூட்டியே அதன்மேல் வளைத்து வைத்துக்கொள்ளலாம். பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது.

கால் விஷயம் நியாயமான கேள்வி. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு. உடம்பைத் தாங்குவது பெரும்பாலும் முன்னால் இருக்கும் தடித்த எலும்பு. நாங்கள் எடுப்பது வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பின் நடுப்பகுதி. கணுக்கால் ஆடாமல் இருக்க அங்கே ஆறிலிருந்து எட்டு சென்டிமீட்டர் விட்டுவிடுவோம், முழங்கால் பக்கமும் அப்படியே. சில வாரம் நொண்டுவார், கால் கட்டைவிரலை மடக்கக் கொஞ்ச நாள் கஷ்டப்படுவார், அப்புறம் நடப்பார். காலுக்கு ஸ்கேன் எடுத்தது ஏன் தெரியுமா? சிலருக்குப் பாதத்துக்கு ரத்தம் கொண்டுபோவதே அந்த எலும்பை ஒட்டிய குழாயாக இருக்கும். அவர்களுக்கு அந்தக் காலைத் தொட மாட்டோம். பாதத்தின் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். காலில் எடுத்த குழாயைக் கழுத்துக் குழாயோடு மைக்ராஸ்கோப் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைப்பார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டம்தான் இருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் நர்ஸ் மணிக்கொருமுறை வந்து, ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார். தூக்கம் கெடுகிறது என்று அவரிடம் கோபப்பட வேண்டாம். புகையிலை இன்றோடு நின்றாக வேண்டும், புண் ஆறுவதை அது கெடுக்கும். 2013-லேயே தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை வந்தது. ஆனாலும் உங்கள் கணவருக்குப் போன மாதம் வரை அந்தப் பொட்டலம் கிடைத்திருக்கிறது!

சரி, கல்யாணம். நீங்கள் கேட்க நினைத்ததே இதுதான் என்று எனக்குத் தெரியும். என்னிடமிருந்து ‘தள்ளிவைக்கலாம்’ என்று ஒரு வார்த்தை வேண்டும். தர மாட்டேன். ஆடி பிறந்தது அந்தக் கட்டிக்குத் தெரியாது. ஆவணி 20-க்குப் பிறகு மறுவீடு வரும், விருந்து வரும், புரட்டாசி வரும். அடுத்த வாரமோ, ஸ்கேனுக்காகச் சில நாள் தள்ளியோ ஆபரேஷன் முடிந்தால், கல்யாணத்தன்று நாலரை ஐந்து வாரம் ஆகியிருக்கும். முகம் கொஞ்சம் வீங்கியிருக்கும், பேச்சு குழறும், மூக்கில் சாப்பாட்டுக் குழாய் இருந்தாலும் இருக்கலாம். பந்தியில் உட்கார முடியாது. மேடையில் உட்கார முடியும், தாரை வார்த்துக் கொடுக்க முடியும். அதன் பிறகு கதிர்வீச்சுச் சிகிச்சை தேவைப்பட்டால், ஆபரேஷன் முடிந்த ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பது கணக்கு. கல்யாணத் தேதியை இப்போதே டாக்டரிடம் சொல்லிவிட்டால் முன்னேற்பாடுகளை அதற்கு முன்பே முடித்து, அடுத்த திங்களே தொடங்க அவர் வழி பார்ப்பார். சம்பந்தி வீட்டில் மறைக்காதீர்கள், நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

மீசையை எடுக்கத்தான் வேண்டும். கீழ் உதட்டை நடுவில் பிளந்து போவார்களா, கழுத்து மடிப்பு வழியாகவே முடிப்பார்களா என்பது டாக்டரின் முடிவு. எப்படியானாலும் முகம் முழுக்க மழித்துவிடுவார்கள். மழித்த மீசை முளைக்க ஐந்து வாரம் தாராளம். கல்யாண போட்டோவில் இருக்கும்.