காலிதான் என்று யார் பார்த்தது?

கேள்வி: அப்பா பட்டாளத்திலிருந்து வந்த பிறகு ஒரு வங்கியில் கன்மேனாக இருந்தார். போன தை மாதம் தவறிவிட்டார். அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி உறையோடு பீரோ மேல் அப்படியே கிடக்கிறது. லைசென்ஸ் அவர் பெயரில். தோட்டா இல்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார். எட்டு வயது மகன் இருக்கிறான், அவனுக்கு அது அங்கே இருப்பதே தெரியாது. அப்பா ஞாபகமாக வைத்துக்கொள்ளலாமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: வேண்டாம்மா. அப்பா ஞாபகம் என்பது எனக்குப் புரிகிறது, ஆனாலும் வேண்டாம்.

முதலில் பையன். அவனுக்குத் தெரியாது என்று நீங்கள்தான் நினைக்கிறீர்கள். எங்கள் அம்மா முறுக்கு டப்பாவை எங்கே ஒளித்தாலும், எந்த ஸ்டூலை எங்கே போட்டால் கை எட்டும் என்பது அந்த வயதில் எனக்கு அத்துப்படி.

அப்புறம் அந்தத் 'தோட்டா இல்லை'. அப்பா பொய் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் நானும் ஓய்வுக்குப் பிறகு ஆறு வருஷம் ஒரு வங்கி வாசலில் 12 போர் அளவு இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நின்றவன். ஒரு சாயங்காலம் உடன் வேலை பார்த்தவர், "லீவர் இறுகிப்போச்சு, கொஞ்சம் பாருங்கண்ணே, காலிதான்" என்று நீட்டினார். குழலைத் தரைப்பக்கம் வைத்து லீவரைத் தள்ளினேன், குழல் மடிந்தது. வலது ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. இடதில் பித்தளை பளபளத்தது, நடுவில் அந்தச் சின்னப் பொட்டோடு. காலையில் பணப்பெட்டி வந்தபோது இரண்டு தோட்டா போட்டிருக்கிறார், எடுக்கும்போது போன் வர, ஒன்றோடு நின்றுவிட்டது. ரொம்பக் கவனமான மனுஷன் அவர். அன்றைக்கு அவர் கை நடுங்கியதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பட்டாளத்தில் 'ஜாஞ்ச் சஸ்த்ர்' என்று ஆர்டர் கொடுப்பார்கள், அப்பா வாயிலிருந்து நீங்களே கேட்டிருக்கலாம். ஆயுதத்தைத் திறந்து கண்ணால் பார்க்கக் காட்ட வேண்டும், காலி என்று வாயால் சொன்னால் செல்லாது, சொல்வது எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் சரி. உங்களுக்குத் திறக்கத் தெரியாதென்றால் தொடவே வேண்டாம். அந்த அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

சட்டப்படியும் அப்பாவோடு அந்த லைசென்ஸ் முடிந்தது. 1959 ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் கிளம்பிவிடாதீர்கள். முதலில் லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ், இரண்டையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் எழுத்தில் சொல்லுங்கள், எப்படிக் கொண்டுவருவது என்று அவர்களே சொல்வார்கள். துப்பாக்கி எண்ணும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் போட்ட ரசீது வாங்காமல் வராதீர்கள். பிறகு வேண்டுமென்றால், 21 வயது நிரம்பிய வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். பெங்களூரில் அது போலீஸ் கமிஷனர் அலுவலக வேலை.

கேள்வி: எலகங்கா பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். என் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கிறது. அவசரத்துக்கு உதவட்டும் என்று தோட்டா போட்டே கட்டிலுக்கடியில் வைக்கிறேன். மனைவி சண்டை போடுகிறாள்.
- வாசகர், எலகங்கா

பதில்: தங்கச்சி சொல்வதுதான் சரி. இன்றைக்கே தோட்டாவை எடுங்கள். தூக்கக் கலக்கத்தில் எழுந்து இருட்டில் துப்பாக்கியைத் துழாவுகிறவருக்கு, பாத்ரூம் போய்விட்டு வரும் மகனும் திருடன் மாதிரித்தான் தெரிவான். பட்டாளத்தில் 'கோத்' என்கிற ஆயுத அறையில் துப்பாக்கிகள் இருக்கும், தோட்டாக்கள் வேறு கட்டடத்தில் வேறு பூட்டில். ஆயுதத்தோடேயே வாழ்கிறவர்களுக்கே அந்த ஏற்பாடு என்றால் நமக்கு எப்படி இருக்க வேண்டும்? சுவரோடு போல்ட் போட்ட இரும்பு அலமாரியில் காலித் துப்பாக்கி, தோட்டா வேறொரு பூட்டில், இரண்டு சாவியும் உங்களிடம். சாமி படத்துக்குப் பின்னால் தொங்கவிடும் சாவி வீட்டுக்கு வருகிற எல்லோருக்குமான சாவி. இன்னொன்று, தோல் உறைக்குள்ளேயே போட்டு வைக்காதீர்கள், மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக் குழலில் துரு ஏறிவிடும். மெல்லிசாக எண்ணெய் தடவிய துணியால் துடைத்து வைத்தால் போதும், தோட்டா மேல் எண்ணெய் படக்கூடாது.

கேள்வி: குடகு நண்பன் வீட்டுக்கு, ஆயுதங்களை வணங்கும் கைல்போத் திருவிழாவுக்குப் போகிறோம். பூஜையில் வைத்த துப்பாக்கியைப் பிடித்து நண்பர்களோடு போட்டோ எடுக்கலாமா?
- வாசகர், இந்திரா நகர்

பதில்: திருவிழாவுக்குத் தாராளமாகப் போங்கள், பார்க்க வேண்டிய ஒன்று. பூ வைத்து வணங்கிய துப்பாக்கியை அந்த வீட்டுப் பெரியவர்கள் எவ்வளவு மரியாதையோடு எடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். குடகின் கொடவர் இனத்தாருக்கும், அங்கே பரம்பரை உரிமையாக வரும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் லைசென்ஸ் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் அது அவர்களுக்கானது, பெங்களூரிலிருந்து போகிற உங்களுக்கு இல்லை. அதனால் போட்டோவை அவர்கள் பிடித்திருக்க நீங்கள் பக்கத்தில் நின்று எடுத்துக்கொள்ளுங்கள். யாரையும் குறிபார்க்கிற மாதிரி போஸ் கொடுக்கச் சொல்லாதீர்கள், காலி என்றாலும். வானத்தைப் பார்த்துச் சுடச் சொல்லிக் கேட்பதும் வேண்டாம். கொண்டாட்டத்தில் கண்மூடித்தனமாகச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். மரத்து உச்சியில் தேங்காய் கட்டிச் சுடும் போட்டி நடந்தால், சுடுகிறவருக்குப் பின்னால் நின்று பாருங்கள், கூட வந்த பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.