கேளுங்க சொல்றேன்: பாலம் தாண்டி ஒரு மலைக்கிராமம்

போன இதழ்ல இத்தாலியில இருக்கிற சிவித்தா தி பான்யோரேஜோங்கிற மலைக்கிராமத்தைப் பத்தி ஒரே ஒரு பத்திதான் எழுதினேன், அதுக்கு வந்த கடிதம், மெயில், வாட்ஸ்அப் எல்லாம் சேத்தா தனி இதழே போடலாம் போல. அதுல முக்காவாசிப் பேர் கேட்டது அங்க போனா என்ன சாப்பிடக் கிடைக்கும்னுதான். நம்ம ஆளுங்கள்ல?

அக்கா, "செத்துக்கிட்டு இருக்கிற ஊர்"னு எழுதியிருந்தீங்களே, ஊர் எப்படிச் சாகும்? (மதுரை வாசகி)

அந்தப் பேரு நான் வச்சது இல்லம்மா, இத்தாலிக்காரங்களே அப்படித்தான் சொல்றாங்க. ரோமுக்கு வடக்க சுமார் 120 கிலோமீட்டர், விதெர்போ மாகாணம். எரிமலைச் சாம்பல் இறுகிக் கல்லா ஆனதுக்கு டூஃபான்னு பேரு, ஊரு அந்தக் கல்லு மேல உக்காந்திருக்கு, ஆனா கல்லுக்கு அடியில வெறும் களிமண்ணு. புட்டு மேல கடலைமிட்டாயை வச்ச மாதிரி நினைச்சுக்கோங்க. ரெண்டு பக்கமும் ஓடுற ஓடையும் மழையும் காத்தும் புட்டை உதுத்துக்கிட்டே இருக்கு, தாங்க ஆள் இல்லாம மேல இருக்கிற மிட்டாய் ஓரம் ஓரமா ஒடிஞ்சு பள்ளத்தாக்குல விழுது. எத்ருஸ்கன்னு ரோமானியர்களுக்கும் முந்தின ஒரு கூட்டம் சுமார் 2500 வருஷத்துக்கு முன்னாடி கட்டின ஊர் இது. 1695ல பெரிய நிலநடுக்கம் வந்துச்சு, அதோட பிஷப்பு, ஆபீஸுன்னு எல்லாரும் எதிர்த்தாப்புல இருக்கிற பான்யோரேஜோவுக்கு மூட்டையைக் கட்டிட்டாங்க. 13ம் நூற்றாண்டுல பிரான்சிஸ்கன் சபைக்குத் தலைவரா இருந்த புனித பொனவெந்தூரா இந்த ஊர்க்காரர்தான், அவர் பொறந்த வீடே சரிஞ்சு போயிடுச்சு.

குளிர்காலத்துல நிரந்தரமாத் தங்குறவங்க பத்து பதினஞ்சு பேர் தேறினா பெருசு. பூனைங்க அதை விட நிறைய. நான் போன அன்னைக்குக் கோயில் படிக்கட்டுல மட்டும் ஏழு எண்ணினேன், ஒண்ணு கூட எந்திரிச்சு வழி விடல.

எனக்கு 67 வயசு, முட்டி வலி வேற. பாலம் ஏறிட முடியுமா? (சேலம் வாசகர்)

ஐயா, உண்மையச் சொல்லிடறேன். ஊருக்குள்ள போக இருக்கிறது நடைபாலம் ஒண்ணே ஒண்ணுதான், 1965ல கட்டினது, கிட்டத்தட்ட 300 மீட்டர் நீளம். முதல் பாதி சும்மா நடக்கிற மாதிரிதான் இருக்கும், கடைசிப் பகுதி செங்குத்தா ஏறும், வெயில் நேரத்துல நிழல்னு ஒரு இலை கூடக் கிடையாது. டூரிஸ்ட்டுக்கு வண்டி இல்ல, உள்ளூர்க்காரங்க மட்டும் மொபெட்டு மாதிரி சின்ன வண்டியில சாமான் ஏத்திக்கிட்டுப் போவாங்க. காலைல சீக்கிரம் போய், பத்து அடிக்கு ஒரு தடவை கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு "ஆஹா என்ன வியூ"ன்னு நின்னு நின்னு ஏறினா ஏறிடலாம். எனக்கு ஐம்பதுதான், நானும் அப்படித்தான் ஏறினேன். முடியலன்னா இந்தப் பக்கம் பெல்வெதேரேன்னு ஒரு வியூ பாயிண்ட் இருக்கு, போட்டோவுல பாக்கிற அந்த முழு ஊரும் உண்மையில அங்க இருந்துதான் தெரியும்.

உள்ள போக டிக்கெட் உண்டு. 2013ல ஒன்றரை யூரோன்னு ஆரம்பிச்சாங்க, அப்புறம் 5 யூரோ ஆக்கிட்டாங்க. மண்ணு சரியற ஊருக்கு அந்தக் காசு தேவைதான், முணுமுணுக்காம குடுத்துடுங்க.

அக்வாகோத்தான்னு ஒண்ணு எழுதினீங்க, "வெந்த தண்ணி"ன்னு அர்த்தமாமே? தண்ணியக் காசு குடுத்தா குடிக்கணும்? (தஞ்சாவூர் வாசகர்)

கிண்டலைப் பாரு! தம்பி, எனக்கு அந்த ஊர்ல ரொம்பப் பிடிச்சதே அதுதான். மாரெம்மான்னு பக்கத்துல ஒரு பூமி, அங்க மாடு மேய்ச்சவங்களும் கரி சுட்டவங்களும் வீட்டை விட்டு நாள்கணக்கா வெளியில இருப்பாங்க, கையில இருக்கிறது காஞ்ச ரொட்டி, வெங்காயம், கொஞ்சம் எண்ணெய், அதோட வழியில பறிக்கிற கீரை. அதுல பொறந்த சாப்பாடு இது.

நான் தங்கின வீட்டு அம்மா பண்ணினதை அடுப்புப் பக்கத்துலயே நின்னு பாத்தேன். சட்டியில தண்ணிய வச்சு வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, ரெண்டு தக்காளிய நசுக்கிப் போட்டாங்க, கொதிச்சதும் காட்டு சிக்கரிக் கீரைய கையாலயே பிச்சுப் பிச்சுப் போட்டாங்க, கசப்புக் கீரை அது. அப்புறம் மெந்தூச்சான்னு புதினா ஜாதியில ஒரு காட்டுச் செடி, அதைக் கிள்ளிப் போட்டதும் சமையல்கட்டு வாசனையே மாறிடுச்சு. கடைசியில ஆளுக்கு ஒரு முட்டைய அதுக்குள்ளயே உடைச்சு ஊத்தினாங்க. ஆனா தட்டுலதான் விஷயமே இருக்கு: கல்லு மாதிரி ஆன மூணு நாள் ரொட்டிய அடியில அடுக்கி, அது மேல இந்தத் தண்ணிய ஊத்துறாங்க, ரொட்டி உறிஞ்சுற சத்தம் நிஜமாவே கேக்குது, அப்புறம் கீரைய மேல வச்சு பச்சையா ஆலிவ் எண்ணெய ஒரு சுத்து. சில வீட்டுல பக்கலா போடுவாங்க, அது காட் மீன் கருவாடு. வாயில வச்சதும் எனக்குப் பாட்டி வீட்டுப் பழையது ஞாபகம் வந்துச்சு, ருசி வேற ஆனா புத்தி ஒண்ணுதான், மிஞ்சினதைத் தூக்கிப் போடக் கூடாதுங்கிற புத்தி.

இப்ப அதையே பெரிய தட்டுல கொஞ்சூண்டு வச்சு நல்ல விலைக்கு விக்கிற இடங்களும் இருக்கு. அது என்னவோ எனக்கு ஒப்பல.

நாங்க சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா? (மயிலாப்பூர் வாசகி)

பட்டினி இல்லம்மா, உஷார் மட்டும் வேணும். நான் ஒரு இடத்துல பீன்ஸ்னு இருக்கேன்னு ஆர்டர் பண்ணிட்டு, கரண்டிய விட்டா பன்றித் தோல் வருது. அது அவங்க தப்பு இல்ல, பீன்ஸை பன்றித் தோலோட வேக வைக்கிறது அந்தப் பக்கத்துல பழைய பழக்கம், மெனுவுல கோத்திக்கேன்னு ஒரு வார்த்தை இருந்துச்சு, எனக்குத்தான் புரியல. அதே மாதிரி குவான்ச்சாலே, பன்ச்செத்தான்னு பாத்தா அதுவும் பன்றிதான். "கறி வேணாம்"னு மட்டும் சொன்னா பத்தாது, சாஸுல கிடக்கிற பொடித் துண்டை அவங்க கறிக் கணக்குலயே சேக்க மாட்டாங்க. "சோனோ வெஜெத்தாரியானா"ன்னு சொல்லுங்க, ஆம்பளைன்னா "வெஜெத்தாரியானோ".

சீஸ்லயும் ஒரு சங்கதி இருக்கு, யாரும் சொல்றதில்ல: பெக்கோரினோ ரொமானோவுக்குப் பால் திரிக்க ஆட்டுக்குட்டி இரைப்பையில இருந்து எடுக்கிற உறையைத்தான் போடுறாங்க, பார்மஜானோவுக்குக் கன்னுக்குட்டியோடது. சுத்த சைவம்னா "சென்சா ஃபொர்மாஜோ", சீஸ் இல்லாமன்னு சொல்லிடுங்க.

அப்புறம் என்னதான் சாப்பிடறதுன்னா, லொம்பிரிக்கெல்லி சாப்பிடுங்க. வெறும் மாவும் தண்ணியும், பெரும்பாலும் முட்டை கிடையாது, கார்த்திகைக்குத் திரி உருட்டுவோமே அதே மாதிரி உள்ளங்கையில உருட்டி நீட்டுற தடி பாஸ்தா. பேரு மண்புழுங்கிற வார்த்தையில இருந்து வந்தது, அதைச் சாப்பிட்டு முடிச்சதுக்கு அப்புறம் வீட்டுல சொல்லுங்க. பூண்டும் தக்காளியும் போட்ட சாஸோட கேட்டு வாங்குங்க. குளிர்காலம்னா கொண்டைக்கடலையும் செஸ்ட்நட்டும் போட்ட சூப், பக்கத்துல சிமினி மலை முழுக்க செஸ்ட்நட் காடுதான்.

புருஸ்கெத்தாவ விட்டுடாதீங்க. ரொட்டியத் தணல்ல சுட்டு, சூட்டோட ஒரு பச்சைப் பூண்டை எடுத்து மேல தேய்ப்பாங்க, சொரசொரன்னு இருக்கிற ரொட்டி துருவி மாதிரி வேலை செஞ்சு பூண்டு பாதியாத் தேஞ்சு போகும், மேல எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். நவம்பர்ல புதுசா ஆட்டின எண்ணெய் வரும், பச்சையா இருக்கும், தொண்டையில லேசாக் காந்தும், அதைக் கெட்டுப் போச்சுன்னு நினைச்சுத் திருப்பிக் குடுத்துடாதீங்க.

ரொட்டியில உப்பே இல்லையே, போட மறந்துட்டாங்களா? (பெங்களூர்ல இருந்து ஒரு தம்பி)

மறக்கல. உம்பிரியா, தஸ்கனி, அதை ஒட்டின இடங்கள்ல ரொட்டிக்கு உப்பு போடாத வழக்கம் ரொம்பப் பழசு. 1540ல போப் மூணாம் பவுல் உப்புக்கு வரியை ஏத்தினாரு, பெருஜா நகரம் எதிர்த்துச் சண்டை போட்டுத் தோத்துச்சு, அந்த ரோஷத்துலதான் உப்பை விட்டாங்கன்னு கைடுங்க கதை சொல்வாங்க. சண்டை நிஜம், ரொட்டிக் கதைய நான் அவ்வளவா நம்பல. கூட வச்சுச் சாப்பிடற சீஸ், ஹாம் எல்லாம் உப்பாக் கரிக்கும், அதுக்கு இந்த ரொட்டி நம்ம சாதம் மாதிரின்னு வச்சுக்கோங்க, சாதம் வடிக்கிறப்ப நாம உப்பா போடுறோம்? வேடிக்கை என்னன்னா அந்த போப் பொறந்த ஊரு கானினோ, இதே மாகாணத்துல ஆலிவ் எண்ணெய்க்குப் பேர் போன ஊர்.

எப்ப போகலாம், எப்படிப் போகணும்? (திருநெல்வேலி வாசகர்)

ரோம்ல இருந்து ஓர்வியேத்தோவுக்கு ரயில், அங்க இருந்து பான்யோரேஜோவுக்கு பஸ், முக்கா மணி நேரத்துக்கு மேல ஆகும். ஞாயித்துக்கிழமை பஸ் இல்லன்னே வச்சு பிளான் போடுங்க. பஸ் டிக்கெட்டை ஏறுறதுக்கு முன்னாடியே கடையில வாங்கிடுங்க. திரும்பி வர பஸ் நேரத்தை ஒண்ணுக்கு ரெண்டு தடவை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, நான் எடுக்கல, கண்ணு முன்னாடி போன பஸ்ஸைப் பாத்துட்டு ஒன்றரை மணி நேரம் ஸ்டாப்புல உக்காந்திருந்தேன்.

ஜூன் முதல் ஞாயிறும் செப்டம்பர் ரெண்டாவது ஞாயிறும் ஊர்ச் சதுக்கத்துல கழுதைப் பந்தயம், தோன்னான்னு பேரு. ஒரு காலத்துல ஊருக்கே சாமான் சுமந்தது கழுதைங்கதான், இப்ப வருஷத்துல ரெண்டு நாள் ஹீரோ. கூட்டம் வேணாம்னா வார நாள்ல போய் ராத்திரி தங்குங்க, சாயங்காலம் டே டூரிஸ்ட்டு எல்லாம் பாலம் இறங்கினதுக்கு அப்புறம் நம்ம செருப்புச் சத்தம் நமக்கே கேக்கும். மதியச் சாப்பாடு ரெண்டரைக்கெல்லாம் மூடிடுவாங்க, ராத்திரி ஏழரைக்கு முன்னாடி அடுப்பே பத்த வைக்க மாட்டாங்க.

அங்க வைன் ஃபேமஸாமே? (பேர் வேணாம்னு எழுதின ஒருத்தர்)

உங்க வீட்டுக்காரம்மாவும் இந்தப் பத்திரிகை படிக்கிறாங்களோ! பக்கத்துல மோந்தேஃபியாஸ்கோனேன்னு ஒரு ஊரு, அங்க எஸ்த் எஸ்த் எஸ்த்னு ஒரு வெள்ளை வைன். 1111ல ரோமுக்குப் போன ஒரு பிஷப்பு முன்னாடியே வேலைக்காரனை அனுப்பி, நல்ல வைன் இருக்கிற கடைக் கதவுல "எஸ்த்", அதாவது "இருக்கு"ன்னு எழுதச் சொன்னாராம், அவன் இந்த ஊர்ல மூணு தடவை எழுதிட்டானாம். பிஷப்பு அங்கயே தங்கிக் குடிச்சுக் குடிச்சுச் செத்தாருங்கிறது கதை, கல்லறைய அந்த ஊர் சான் ஃபிளாவியானோ கோயில்ல காட்டுறாங்க. அளவோட இருங்க.

பொண்ணு அங்க படிக்கிறா, பாக்கப் போறோம். நெய், பால்கோவா, மாவடு எடுத்துட்டுப் போகலாமா? (ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகி)

மாவடு ஓகேம்மா, நல்லா சீல் பண்ணி செக்-இன் பெட்டியில போடுங்க. நெய்யும் பால்கோவாவும் முடியாது, வெளி நாட்டுல இருந்து ஐரோப்பிய யூனியனுக்குள்ள பால் பொருளும் கறிப் பொருளும் கொண்டு போகத் தடை, ஏர்போர்ட்டுல பிடுங்கிப் போட்டுடுவாங்க. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்துக்கிட்டு பால்கோவா இல்லாம கிளம்புறது கஷ்டம்தான், புரியுது. பொண்ணுக்கு அங்கயே தோட்செத்தி வாங்கிக் குடுங்க, ஹேசல்நட் போட்ட கடக்கு முடக்கு பிஸ்கட், விதெர்போ பக்கம் ஹேசல்நட் அமோகமா விளையுது. அவங்க வைன்ல முக்கித் திங்கிறாங்க, நான் காபியில முக்கினேன், பக்கத்து டேபிள் பெரியவர் ஒரு மாதிரிப் பாத்தாரு, அப்புறம் அவரும் ஒண்ணை எடுத்து அவர் காபியில முக்கிப் பாத்துட்டு தலையாட்டினாரு.