ஒரு கிளையில் மட்டும் வந்த நிறம்: பொயின்செட்டியாவில் புதிய இனம்

கேள்வி: பண்டாரவளைக்கு அருகில் சிறிய பூக்கன்றுத் தவறணை வைத்திருக்கிறேன். நத்தார் விற்பனைக்காகச் சிவப்புப் பொயின்செட்டியா வளர்க்கிறேன். முந்திய டிசம்பரில் ஒரு செடியின் ஒரேயொரு கிளையில் மட்டும் இளஞ்சிவப்பு இலைகள் வந்தன. அவற்றில் குங்குமம் தெளித்தது போலச் சிவப்புப் பொட்டுகள் இருந்தன. அந்தக் கிளையை நான்கு துண்டாக வெட்டி நட்டேன். இந்த நத்தாருக்கு இரண்டு செடிகள் அதே பொட்டுடன் வந்தன. ஒன்று முழுச் சிவப்பு. இன்னொன்றில் ஒரு பக்கம் பொட்டு, மறுபக்கம் சிவப்பு. இது புதிய இனமா? விதை எடுத்துப் பெருக்கலாமா? எப்படி விவரித்து எழுதுவது? ‘ஊவா ராணி’ என்று பெயர் வைக்க ஆசைப்படுகிறேன். ஒருவர் தாய்ச்செடியை நல்ல விலைக்குக் கேட்கிறார், கொடுக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாய்ச்செடியைக் கொடுக்காதீர்கள். பொட்டு வந்த இரண்டு கன்றுகளையும் கொடுக்காதீர்கள். அவற்றிலிருந்து வெட்டுத்துண்டு எடுக்கவும் யாரையும் விடாதீர்கள். இன்று உங்களிடம் இருப்பது ஒரு நல்ல தொடக்கம். அது இனம் ஆக இன்னும் இரண்டு மூன்று நத்தார் போக வேண்டும். அதற்குள் கைமாறினால், பிறகு யாருடையது என்று நிறுவ உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது.

நான்கு துண்டுகளும் மூன்று விதமாக நடந்துகொண்டதில்தான் உங்கள் செடியின் கதை முழுவதும் இருக்கிறது. குருத்து நுனியில் கலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திய மூன்று அடுக்குகளாக இருக்கின்றன. ஏதோ ஒரு கலத்தில் விகாரம், அதாவது மரபணுவில் தற்செயலான மாற்றம், ஏற்பட்டு, அது பெருகும்போது தன் அடுக்கில் மட்டும் பரவுகிறது. கீழ் அடுக்கு பழைய சிவப்பாகவே இருக்கும். இரண்டு வகைக் கலங்கள் இப்படி ஒரே உடலில் வாழும் செடிகள் பொயின்செட்டியாவில் நிறைய உண்டு. கடைகளில் காணும் பல இளஞ்சிவப்பு, பொட்டு வகைகள் இவ்வாறு ஒரு கிளையில் தற்செயலாகத் தோன்றி, யாரோ ஒருவர் கண்ணில் பட்டுக் காப்பாற்றப்பட்டவை.

உங்கள் கிளையில் மாறிய கலங்கள் தண்டை முழு வளையமாகச் சுற்றவில்லை, ஒரு பக்கப் பட்டையாக மட்டும் ஓடியிருக்கின்றன என்பது என் கணிப்பு. பட்டைக்குள் இருந்த கணுமொட்டு பொட்டுச் செடியைத் தந்தது. பட்டைக்கு வெளியே இருந்த மொட்டு சிவப்பைத் தந்தது. எல்லையில் இருந்தது பாதிப்பாதி ஆனது. ஆகவே முழுச் செடியும் பொட்டுடன் இருக்கும் அந்த இரண்டையும் மட்டும் வைத்துத் தொடருங்கள். பாதிச் செடியைப் பெருக்கத்துக்கு எடுக்க வேண்டாம். அது ஒவ்வொரு முறையும் உங்களை ஏமாற்றும்.

இதை அனுபவித்துத்தான் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் பராமரிப்பில் இருந்த ஒரு சிவப்புச் செடியில் எலுமிச்சை வெள்ளையில் ஒரு கிளை வந்தது. நாளைக்கு அடையாள நாடா கட்டலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை வழக்கமான கவ்வாத்து நடந்தது. கத்தி அந்தக் கணுவுக்குக் கீழே இறங்கியிருந்தது. வெட்டிய கிளை குப்பைக்குழியில் வாடிக் கிடந்தது, பால் உறைந்து போயிருந்தது. தாய்ச்செடியில் பிறகு வந்த தளிர் எல்லாம் சிவப்பு. இன்றைக்கே பொட்டு வந்த கிளைகளின் அடியில் நாடா கட்டிவிடுங்கள்.

பொட்டு நோயால் வந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். பொயின்செட்டியாவில் ஒரு மொசைக் வைரசு பரவலாக உண்டு. குளிரான மாதங்களில் பச்சை இலையில் திட்டுத் திட்டாக வெளிறலை உண்டாக்கும். நிறமாற்றம் நிற இலைகளில் மட்டும் இருந்து, கீழே பச்சை இலைகள் தெளிவாக, சுருளாமல், கோணாமல் இருந்தால் பெரும்பாலும் விகாரம்தான். பச்சை இலையும் சேர்ந்து கெட்டிருந்தால் ஒரு கிளையை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். வெள்ளை ஈ இலையின் அடிப்பக்கம் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள்.

விதையைப் பற்றி. இந்தப் பொட்டை விதையால் பெருக்க முடியாது. விதை உருவாகும்போது அடுக்குகளின் கூட்டு கலைந்துவிடும். உங்களுக்கு வேண்டிய நிறம் அந்தக் கூட்டில்தான் இருக்கிறது. பெருக்க வேண்டுமானால் நுனி வெட்டுத்துண்டு ஒன்றே வழி. மூன்று நான்கு அங்குல நீளத்தில் எடுத்து, பால் நிற்கும் வரை நீரில் நனைத்து, வேர்விடும் ஓமோன் தொட்டு, மணலும் தும்புத்தூளும் கலந்த பாத்தியில் நிழலில், ஈரம் காயாமல் வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர் வந்துவிடும்.

ஆனால் அடுத்த கட்டமாகப் புதிய நிறங்களைத் தேட விரும்பினால் விதைதான் வழி. அதை நீங்கள் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் இந்தச் செடியை அப்போதுதான் நெருங்கி அறிவீர்கள். நாம் பூவிதழ் என்று சொல்பவை எல்லாம் பூவடியிலைகள், அதாவது பூக்களுக்கு அடியில் வரும் நிற இலைகள். உண்மையான பூக்கள் நடுவில், மஞ்சளும் பச்சையுமாகக் குவிந்திருக்கும் சிறு கிண்ணங்களுக்குள் இருக்கின்றன. ஒரு கிண்ணத்தின் விளிம்பில் உதடு போன்ற மஞ்சள் தேன்சுரப்பி. உள்ளே பல ஆண் பூக்கள். பெண் பூ வளரும்போது சிறு காம்பில் தொங்கி வெளியே வரும், நுனியில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி பிரிந்து விரியும். எல்லாக் கிண்ணத்திலும் பெண் பூ வளர்வதில்லை. ஒளி குறைந்தாலும் வெப்பம் கூடினாலும் கிண்ணமே உதிர்ந்துவிடும், ஆகவே வெளிச்சமான குளிர்ந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

தாயாகத் தேர்ந்த கிண்ணத்தில் மகரந்தம் வெடிக்கும் முன்னரே சிறு இடுக்கியால் ஆண் பூக்களை அகற்றுங்கள். சூல்முடி விரிந்ததும் வேறு செடியின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் தடவி, மெல்லிய வலைப்பையால் மூடித் திகதி எழுதுங்கள். ஒரு காயில் அதிகபட்சம் மூன்று விதைகள்தான் வரும். காய் முற்றினால் வெடித்துத் தெறித்துவிடும். சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் பெரும்பாலும் முதல் தலைமுறை சிவப்பாகவே வரும், ஏனென்றால் சிவப்பு ஆட்சியுடையது. வெள்ளையும் மற்ற நிறங்களும் அடுத்த தலைமுறையில்தான் வெளிப்படும்.

இங்கே ஒரு விடயம் பலருக்குத் தெரியாமல் நல்ல நாற்றுகளைத் தூக்கி எறிகிறார்கள். விதையில் வந்த நாற்று தன்னந்தனித் தண்டாக நெட்டென வளரும், உங்கள் சட்டிச் செடி போல அடியிலிருந்து கிளைக்காது. காரணம் நாற்றின் குறையல்ல. சந்தையில் உள்ள கிளைக்கும் பொயின்செட்டியாக்களின் உடலில் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி வாழ்கிறது, கிளைப்பைத் தூண்டுவது அதுதான் என்று 1997இல் உறுதிப்படுத்தினார்கள். விதை வழியாக அது கடப்பதில்லை. ஆகவே நாற்றின் தண்டையும் கிளைக்கும் செடியின் தண்டையும் பக்கத்தில் வைத்துச் சீவி, இரண்டையும் பொருத்திக் கட்டி, சில வாரங்கள் ஒன்றாக வளர விட்டால் நுண்ணுயிரி நாற்றுக்குள் வந்துவிடும். பிறகு பிரித்து எடுக்கலாம். ஒரு நோய்க் கிருமியை விரும்பிச் செடிக்குள் விடுவது விசித்திரமாகத் தோன்றும், ஆனால் நத்தார்ச் சட்டிச் செடி என்ற பயிரே அதன்மேல்தான் நிற்கிறது.

இனி வளர்ப்பு. மலையகத்தில் மூன்று பிழைகள் அடிக்கடி நடக்கின்றன.

தேயிலை நிலத்து மண்ணை அப்படியே சட்டியில் போடுவது முதல் பிழை. அது அதிக அமிலத்தன்மை உடையது. பொயின்செட்டியாவுக்கு மண்ணின் அமில அளவைக் காட்டும் பிஎச் 5.8 முதல் 6.3 வரை இருக்க வேண்டும். அமிலம் கூடினால் மொலிப்டினம் என்ற நுண்ணூட்டம் கிடைக்காமல், நடு இலைகளின் ஓரம் மஞ்சளாகிக் கருகும். இனத்தின் குணம் என்று அதை எழுதிவிடக் கூடாது. தும்புத்தூளும் கொம்போஸ்டும் மணலும் கலந்து, அமிலத்தைக் குறைக்கச் சிறிது டொலமைட் சேருங்கள்.

இரண்டாவது, இரவில் வெளிச்சம். நம் நாட்டில் ஜூனில் பகல் ஏறக்குறைய 12 மணி 30 நிமிடம், டிசம்பரில் 11 மணி 45 நிமிடம். இவ்வளவு சிறிய வித்தியாசத்தைக் கணக்கெடுத்துத்தான் செடி நிறம் மாறுகிறது. வாசல் மின்குமிழ் ஒன்று எரிந்துகொண்டிருந்தால் போதும், கணக்குக் கலைந்துவிடும். மின்குமிழ் பக்கம் இருந்த செடிகள் பச்சையாகவே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒப்பிட வேண்டிய செடிகள் எல்லாவற்றையும் மாலை ஐந்து முதல் காலை ஏழு வரை கறுப்புத் துணியால் மூடி, எத்தனை நாளில் முதல் நிறம் தெரிந்தது என்று குறியுங்கள். துணிக்குள் வெப்பம் தேங்காமல் காற்று விடுங்கள்.

மூன்றாவது, குளிர். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி உறைபனி இந்தச் செடியைக் கொன்றுவிடும். பண்டாரவளை இதற்கு நல்ல இடம். குளிர்ந்த இரவில் சிவப்பு ஆழமாகும், வெப்பமான இரவில் வெளிறும். அதனால் உயரம் குறைந்த, வெப்பம் கூடிய கம்பளைப் பக்கம் உறவினர் யாராவது இருந்தால் அடுத்த பருவத்தில் நான்கைந்து சட்டிகளை அங்கேயும் வையுங்கள். இரண்டு உயரத்திலும் பொட்டு நிலைத்தால் மதிப்புக் கூடும்.

விவரித்து எழுதுவதை இப்போதே தொடங்குங்கள், பெப்ரவரிக்குப் பிறகு நிறம் மங்கிவிடும். புதிய இனம் என்று ஏற்க உலகம் எங்கும் கேட்பது மூன்று: மற்ற இனங்களிலிருந்து வேறுபாடு, செடிகளுக்குள் ஒருசீர்மை, தலைமுறைகள் தாண்டிய நிலைபேறு. நிலைபேறு உங்கள் கையில் இன்னும் இல்லை. மூன்று சுற்று வெட்டுத்துண்டு எடுத்து, எத்தனை நட்டேன், எத்தனை பொட்டுடன் வந்தன, எத்தனை சிவப்புக்குத் திரும்பின என்று எழுதுங்கள். திரும்பியவற்றை மறைக்காமல் எழுதுங்கள்.

பொட்டு வகையையும் தாய்ச் சிவப்பையும் ஒரே நாளில் நட்டு, ஒரே வரிசையில் வைத்து, குறைந்தது பத்துப் பத்துச் செடிகளை அளக்க வேண்டும். செடியின் உயரம், கிளை எண்ணிக்கை, பச்சை இலையின் நீள அகலம், விளிம்பில் மடல் இருக்கிறதா, இலைக்காம்பின் நிறம், பூவடியிலைகளின் எண்ணிக்கை, மிகப் பெரியதன் நீளம், தேன்சுரப்பியின் நிறம், நிறம் எத்தனை நாள் நீடித்தது என்பவை முக்கியம். பூவடியிலையின் மேற்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் தனித்தனியாக எழுத வேண்டும், பலர் அடிப்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

‘மிக அழகான இளஞ்சிவப்பு’ என்று எழுதினால் அதை வைத்து யாரும் செடியை அடையாளம் காண முடியாது. ‘மேற்பக்கம் சாமன் மீன் சதை போன்ற இளஞ்சிவப்பு, நரம்பை ஒட்டி நிறம் கூடுதல், ஒழுங்கற்ற சிவப்புப் பொட்டுகள், கடுகளவு முதல் குன்றிமணி அளவு வரை, நுனியில் நெருக்கம், அடியில் அரிது’ என்று எழுதினால் காணலாம். உங்கள் செடிக்கு எது பொருந்துகிறதோ அதை எழுதுங்கள். சொல்லை விட உறுதியானது இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் வெளியிடும் நிற அட்டையின் எண். பேராதனைப் பக்கம் போகும்போது தாவரவியல் பூங்காவில் அதை ஒப்பிட்டுத் தர முடியுமா என்று கேளுங்கள். அதுவரை, காலை ஒன்பது மணியளவில் நிழலில், வெள்ளைத் தாளின்மேல் பொட்டு இலையையும் தாய்ச் சிவப்பு இலையையும் அருகருகே வைத்துப் படம் எடுத்து வையுங்கள்.

பெயருக்கு விதிகள் உண்டு. தாவரப் பெயரான யூபோபியா புல்கெரிமா முதலில், பிறகு ஒற்றை மேற்கோளுக்குள் இனப்பெயர். புல்கெரிமா என்ற இலத்தீன் சொல்லுக்கே ‘மிக அழகியது’ என்று பொருள். 1959 முதல் புதிய இனப்பெயர் இலத்தீனில் இருக்கக் கூடாது, வாழும் மொழியில் இருக்க வேண்டும், ஆகவே தமிழ்ப் பெயருக்குத் தடையில்லை. வேறு பொயின்செட்டியாவுக்கு அந்தப் பெயர் இருக்கக் கூடாது, அதைத் தேடிப் பாருங்கள். பெயர் செல்லுபடியாக, விவரணையுடன் திகதியிட்ட அச்சில் வர வேண்டும். உங்கள் தவறணையின் சொந்த விலைப்பட்டியலை ஆண்டு, மாதத்துடன் அச்சிட்டு, விவரணையையும் சேர்த்துப் பலருக்கும் கொடுத்தால் அதுவே போதும். ‘ஊவா ராணி’ எனக்குப் பிடித்திருக்கிறது.

சட்ட உரிமையைப் பொறுத்தவரை, நம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தாவரங்களுக்குக் காப்புரிமை தருவதில்லை. தாவர இனப் பாதுகாப்புக்கான யுபோவ் உடன்படிக்கையில் இலங்கை உறுப்பு நாடும் அல்ல. வர்த்தகப் பெயரை வியாபாரக் குறியாகப் பதிவு செய்யலாம், ஆனால் வியாபாரக் குறியாகப் பதியும் சொல்லும் இனப்பெயரும் ஒன்றாக இருக்கக் கூடாது. வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: உங்கள் தாய்ச் சிவப்பு வேறு நாட்டில் பாதுகாக்கப்பட்ட இனமாக இருந்தால், அதன் கிளையில் வந்த விகாரத்துக்கும் அந்த உரிமையாளர் அங்கே பங்கு கேட்கலாம். கன்று வாங்கிய கடையில் அதன் இனப்பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

நிறம் மங்கிய பிறகு, மார்ச்சில் கவ்வாத்துச் செய்யலாம். நாடா கட்டிய கணுவுக்கு மேலே மட்டும் வெட்டுங்கள். அப்போது எடுக்கும் துண்டுகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, எந்தச் செடியின் எந்தக் கிளையிலிருந்து வந்தது என்று ஒரு பயிற்சிக் கொப்பியில் குறியுங்கள். அளவுகளை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், ஒரு இலையின் அடிப்பக்கப் படமும் வேண்டும்.