கங்கைகொண்டான் முகாம் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

பிழைக்க வந்தவர்கள் வந்த ஊரோடு ஒட்டிப் பழகினால்தான் அவர்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. கங்கைகொண்டான் இலங்கைத் தமிழர் முகாமைப் பாருங்கள், இத்தனை வருஷம் ஆகியும் தனியாகத்தானே இருக்கிறார்கள்? அரசு ஏதாவது வகுப்பு நடத்தலாமே?

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

ஒட்டவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த பையன் அந்த முகாம்தான். செல்லில் அம்மாவிடம் 'ஓமம்மா, வாறன்' என்பான், போனை வைத்த கையோடு கூட்டாளியிடம் 'ஏல, ஏணிய நல்லாப் புடில' என்பான். பிறந்தது ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில், இலங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. இதற்கு மேல் எப்படி ஒட்டுவது?

ஒட்டவிடாமல் நிற்பது சட்டம். 1987 ஜூன் வரை இந்திய மண்ணில் பிறந்தால் குடியுரிமை உண்டு, பெற்றோர் எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை. அந்த ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்று ஆனது, 2004 டிசம்பரில் இன்னும் இறுக்கினார்கள். ஜனங்கள் அங்கிருந்து கூட்டமாக வர ஆரம்பித்தது 1983 கலவரத்துக்குப் பிறகு. ஆக, ஒரே தாய் வயிற்றில் 1986இல் முகாமில் பிறந்த அக்கா இந்தியர், 1988இல் பிறந்த தம்பி அயல்நாட்டார்! அக்காவுக்கும் சும்மா கிடைத்துவிடாது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2022இல் உத்தரவு போட வேண்டியிருந்தது, 2024 தேர்தலில்தான் அவர் முதல் ஓட்டைப் போட்டார். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களோடு நின்றுவிட்டது, இலங்கை அதில் இல்லை.

தனியாக இருக்கிறார்கள் என்கிறீர்கள். முகாமில் பெயர் இருந்தால்தானே உதவித்தொகை, செக்கிங் அன்றைக்கு ஆள் அங்கே நிற்க வேண்டும், வெளியூரில் வேலைக்குப் போனவன் கூலியை விட்டுவிட்டு ஓடி வருவான். டிகிரி முடித்தாலும் அரசு வேலைக்கு எழுத முடியாது, அதனால்தான் கையில் பெயிண்ட் வாளி. தமிழக அரசு 2021இல் மறுவாழ்வு முகாம் என்று பெயரை மாற்றியது, புது வீடும் கட்டிக் கொடுக்கிறது, நல்லதுதான், ஆனால் குடியுரிமை டெல்லி கையில் அல்லவா இருக்கிறது.

இன்னொன்று. தமிழக முகாம்களில் மலையகக் குடும்பங்களும் உண்டு. தேயிலைத் தோட்டத்துக்கென்று இந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் கப்பல் ஏறிப் போனவர்களின் பேரன் பேத்திகள். 1948இல் இலங்கை அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது, 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை எடுத்துக்கொள்கிறோம் என்று இந்தியா கையெழுத்துப் போட்டது. அந்தக் கணக்கே முழுசாகத் தீரவில்லை. இவர்களைப் போய் வந்தேறி என்றால் எப்படி?

சரி, வகுப்பு நடத்தட்டும். வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவன் முகாம் என்று சொன்னதும் 'ஆள் சொல்லி வச்சாச்சே' என்று கதவைச் சாத்துகிற நம் ஆட்களையும் அதில் உட்காரவைக்கச் சொல்லுங்கள்.