ஹோம் தியேட்டரில் கிராஸ்ஓவரும் லெவலும் எப்படி வைப்பது? பேஸ் வீட்டையே அதிர வைக்கிறது, வசனம் மட்டும் கேட்கவில்லை

நீங்கள் கேட்டிருப்பது மூன்று: ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ என்று வைப்பதா ‘ஸ்மால்’ என்று வைப்பதா, கிராஸ்ஓவர் (அடி ஒலியை ஸ்பீக்கரிலிருந்து பிரித்து சப்வூஃபர் என்ற பேஸ் பெட்டிக்கு அனுப்பும் எல்லை) எத்தனை ஹெர்ட்ஸ், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் லெவல் எவ்வளவு. கூடவே ஒரு குறையும் சொல்லியிருக்கிறீர்கள். சண்டைக் காட்சி வந்தால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, ஆள் பேசினால் காதில் விழவில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் மதுரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு மாடி ஹாலில் எனக்கும் இதே நிலைதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் செட்டை மாட்டிக் கொடுக்க வந்தவர் அரை மணி நேரத்தில் வயரை இழுத்து, சத்தமாக ஒரு டெமோ ஓட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று ராத்திரி படம் போட்டோம். அப்பத்தா பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். “என்னய்யா பேசுறாங்ய, ஒண்ணும் வெளங்கலயே” என்று எழுந்து போய்விட்டார். அவருக்குக் காது மந்தம் என்று நாங்களே முடிவு கட்டினோம். அது தப்பு. எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் பெட்டியான ரிசீவரில் கிராஸ்ஓவர் 120 ஹெர்ட்ஸில் இருந்தது. சப்வூஃபரின் பின்பக்கத்தில் இருக்கும் இன்னொரு கிராஸ்ஓவர் திருகி 60-ல் இருந்தது. அதாவது 120-க்குக் கீழே உள்ளதை ஸ்பீக்கர் தொடாது, 60-க்கு மேலே உள்ளதை சப் தொடாது. நடுவில் இருந்த ஒலி போக இடமில்லாமல் காணாமல் போய்க்கொண்டிருந்தது. ஆண் குரலின் அடித்தளம் பெரும்பாலும் 85-லிருந்து 180 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. அதில் பாதி இல்லையென்றால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலத்தான் கேட்கும்.

ஆகவே எதற்கும் முன்னால் சப்வூஃபரின் பின்னால் போய்ப் பாருங்கள். ‘எல்எஃப்இ’ என்றோ ‘பைபாஸ்’ என்றோ சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள், சப்பின் சொந்தக் கிராஸ்ஓவர் விலகிக்கொள்ளும். இல்லாவிட்டால் அந்தத் திருகியை அதன் உச்சிக்குத் திருப்பிவிட்டு மறந்துவிடுங்கள். பிரிக்கிற வேலையை ரிசீவர் ஒன்றே செய்ய வேண்டும். இரண்டு பேர் ஒரே இடத்தில் அறுத்தால் என் வீட்டில் நடந்ததுதான் நடக்கும்.

சரி, லார்ஜா ஸ்மாலா? எல்லாவற்றையும் ஸ்மால் என்றே வையுங்கள். இந்தப் பெயர்தான் பலரைக் குழப்புகிறது. ஆளுயர டவர் ஸ்பீக்கர் வாங்கியவருக்கு அதை ‘ஸ்மால்’ என்று வைக்க மனசே வராது. பெட்டியின் அளவுக்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை. ஸ்மால் என்றால் ‘இந்த ஸ்பீக்கரின் அடி ஒலியை சப்புக்கு அனுப்பு’ என்று அர்த்தம், அவ்வளவுதான். அடி ஒலிதான் ஆம்ப்ளிஃபயரிடமிருந்து அதிகம் பவர் கேட்கும், கூம்பையும் அதிகம் ஓட வைக்கும். அந்தச் சுமையை இறக்கிவிட்டால் ஸ்பீக்கர் குரலையும் வாத்தியத்தையும் சுத்தமாகக் கொடுக்கும். என் சித்தப்பா உசிலம்பட்டிப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். திருவிழாவுக்கு பாக்ஸ் அடுக்கும்போது குரலுக்கான ‘டாப்’ பாக்ஸுக்கு பேஸ் போகாமல் பிரித்த பிறகுதான் மைக்கையே கையில் எடுப்பார். பத்தாயிரம் பேர் கூடுகிற பொட்டலுக்கும் பத்தடி ஹாலுக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

அடுத்து, எத்தனை ஹெர்ட்ஸ்? 80-ல் ஆரம்பியுங்கள். சினிமா ஒலித் தரத்துக்குச் சான்று கொடுக்கும் டிஎச்எக்ஸ் நிறுவனம் காலங்காலமாகப் பரிந்துரைப்பது இதைத்தான், அதற்குக் காரணமும் உண்டு. மதுரைச் சூட்டில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகிறது. 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் அப்போது கிட்டத்தட்ட 14 அடி, எங்கள் ஹாலின் நீளமே அவ்வளவுதான். இவ்வளவு நீளமான அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நம் இரண்டு காதுகளால் பிரித்துச் சொல்ல முடியாது. சப் எந்த மூலையில் இருந்தாலும், அடி ஒலி திரையிலிருந்தே வருவதாகத் தோன்றும். கிராஸ்ஓவரை உயர்த்த உயர்த்த இந்த வசதி குறைந்துகொண்டே போகும்.

ஆனால் உங்களிடம் இருப்பது மூன்று அங்குல சாட்டிலைட், அதாவது குட்டி ஸ்பீக்கர், என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் 80 வரை இறங்க முடியாது. அதன் அட்டைப்பெட்டியிலோ கையேட்டிலோ ‘150 ஹெர்ட்ஸ் முதல் 20,000 வரை’ என்பது போல ஓர் எண் இருக்கும். அந்த முதல் எண்ணுக்குக் கீழே கிராஸ்ஓவரை வைக்கவே கூடாது, கொஞ்சம் மேலே வைப்பது நல்லது. 60 வரை இறங்கும் புக்ஷெல்ஃப் என்றால் 80, 100 வரை இறங்குவது என்றால் 120, உங்கள் சாட்டிலைட்டுக்கு 150. அங்கே வைத்தால் ஆண் குரலின் அடிப்பாகம் சப்புக்குப் போய்விடும். சப் சோபாவுக்குப் பின்னால் இருந்தால் நாயகன் முதுகுப்பக்கத்திலிருந்து பேசுவார். அதனால் உங்கள் சப்பை டிவி பக்கமே, வசனம் வரும் நடு (சென்டர்) ஸ்பீக்கருக்கு அருகில் வையுங்கள். இதில் வேறு வழி கிடையாது.

மெனுவில் ‘எல்எஃப்இ எல்பிஎஃப்’ என்று இன்னொன்று இருக்கும், அதை 120-லேயே விட்டுவிடுங்கள். அது படத்தில் தனியாகப் பதிந்து வரும் பேஸ் டிராக்குக்கானது, உங்கள் ஸ்பீக்கர் கிராஸ்ஓவர் அல்ல. முன் ஸ்பீக்கர்களின் பேஸை சப்பிலும் சேர்த்து வாசிக்க வைக்கும் ‘எல்எஃப்இ பிளஸ் மெயின்’ என்பதையும் தொடாதீர்கள். ஒரே பேஸை இரண்டு இடத்தில் வாசிக்க வைத்தால் சில சுரங்கள் ஊதிப்போகும், சில காணாமல் போகும்.

லெவலுக்குப் போகுமுன் வயரைப் பாருங்கள். சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில் இருக்கிறதா? ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறியிருந்தாலும் பேஸ் பாதியாகிவிடும், குரல் நடுவில் நிற்காமல் சிதறும். சித்தப்பா இதற்கு ஒரு டார்ச் பேட்டரியை வைத்திருந்தார். வயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் செல்லின் பிளஸ்ஸை சிவப்பு வயரிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு கணம் மட்டும் தொடுவார். ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். அந்த நொடியில் கூம்பு வெளியே வந்தால் சரி, உள்ளே போனால் எங்கோ மாறியிருக்கிறது. ஒருவர் தொட, இன்னொருவர் கூம்பைப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் பக்கவாட்டு (சரவுண்ட்) ஸ்பீக்கர் ஒன்று இப்படித்தான் மாறியிருந்தது. தம்பி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது உள்ள போகுதுண்ணே” என்றான்.

இப்போது லெவல். ரிசீவரில் டெஸ்ட் டோன் இருக்கும். மழை பெய்வது போல ‘ஷ்ஷ்’ என்று ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் மாறி மாறி வரும். நீங்கள் உட்காரும் இடத்தில், காது உயரத்தில் சத்தம் அளக்கும் மீட்டரை நிறுத்தி, அதில் ‘சி வெயிட்டிங்’, ‘ஸ்லோ’ என்ற அமைப்புகளை வைத்து, ஒவ்வொன்றும் 75 டெசிபல் காட்டும்படி திருத்துங்கள். மீட்டர் இல்லையென்றால் போனில் ஓர் ஆப் போதும், ஆனால் ஐந்து ஸ்பீக்கரையும் ஒன்றோடொன்று ஒப்பிட மட்டுமே அதை நம்புங்கள். பல போன்களின் மைக் அடி ஒலியைக் குறைத்துத்தான் காட்டும். அதை நம்பி சப்பை ஏற்றினால், வீடு அதிரும் நிலைக்கே திரும்ப வந்து நிற்பீர்கள்.

அளக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் கதவைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திக் கால் மணி நேரம் உட்காருவது கஷ்டம்தான், ஆனால் விசிறிச் சத்தம் கலந்தால் அளவு தப்பும். அதே சமயம், படம் பார்க்கும்போது நாம் ஃபேனைப் போட்டுத்தான் பார்க்கப் போகிறோம். அந்தக் காற்றுச் சத்தம் குரலின் மெல்லிய எழுத்துகளைத்தான் முதலில் விழுங்கும். அதனால் எல்லாவற்றையும் சமமாக வைத்து முடித்த பிறகு, சென்டரை மட்டும் ஒன்றரை அல்லது இரண்டு டெசிபல் கூட்டினேன். புத்தகக் கணக்குப்படி இது சரியில்லை என்று சொல்பவர்கள் உண்டு. குளிரூட்டி, தடித்த திரை, சத்தமில்லாத அறை என்று அவர்களுக்கு அமைந்திருக்கலாம். நமக்கு ஓடும் விசிறியோடு சேர்த்துத்தான் வசனம் புரிய வேண்டும்.

ரிசீவரே ஒரு மைக் மூலம் கேட்டு எல்லாவற்றையும் அமைத்துக்கொள்ளும் ஆட்டோ காலிபரேஷன் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். டெனான், மராண்ட்ஸில் ஆடிஸி, யமஹாவில் ஒய்பிஏஓ என்று வரும். மைக்கைக் கையில் பிடிக்காமல், சோபா முதுகில் சாய்த்து வைக்காமல், ஸ்டாண்டில் காது உயரத்தில் நிறுத்துங்கள். முடிந்ததும் மூன்றைப் பாருங்கள். முதலாவது, அது ஏதாவது ஸ்பீக்கரை ‘லார்ஜ்’ என்று வைத்திருந்தால் ஸ்மாலுக்கு மாற்றுங்கள். இரண்டாவது, அது கண்டுபிடித்த கிராஸ்ஓவரை உயர்த்தலாம், தாழ்த்தக்கூடாது. அந்த எண்ணுக்குக் கீழே உங்கள் அறையில் அந்த ஸ்பீக்கரால் முடியவில்லை என்று அது கேட்டுத்தான் முடிவு செய்திருக்கிறது. மூன்றாவது சப் லெவல். எங்கள் வீட்டில் அது மைனஸ் 12 என்று காட்டியது. ரிசீவரால் அதற்கு மேல் குறைக்க முடியவில்லை, சப் இன்னும் அதிகமாகவே கத்திக்கொண்டிருந்தது என்று அதற்குப் பொருள். பின்னாலிருக்கும் வால்யூம் திருகி முக்காலில் இருந்தது. அதைப் பாதிக்கும் கீழே இறக்கி மறுபடி ஓட்டியதும் மைனஸ் 3-க்கு வந்தது. உங்கள் ஜன்னல் கண்ணாடி அதிர்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆட்டோ காலிபரேஷன் சப்பின் தூரத்தை மட்டும் உண்மையான அளவைவிட ஓரிரு அடி கூடுதலாகக் காட்டினால் பதறி டேப் பிடித்துத் திருத்தாதீர்கள். சப்புக்குள் இருக்கும் மின்சுற்றே ஒலியைக் கொஞ்சம் தாமதிக்கும், அதையும் சேர்த்துத்தான் அது கணக்குப் போட்டிருக்கிறது.

இவ்வளவு செய்தும் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் ‘கும்’ என்று அடைத்தால், அது அறையின் வேலை. நம் ஊர் ஹால் பெரும்பாலும் 14-க்கு 10 அடி, கூரை 10 அடி உயரம். ஒலியின் வேகத்தை சுவர்களுக்கு இடையிலுள்ள தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் அந்த அறை ‘பிடித்துக்கொள்ளும்’ எண் கிடைக்கும். நீளத்துக்கு 41 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 57. உயரமும் 10 அடி என்பதால் அதற்கும் 57 தான். இரண்டும் ஒரே எண்ணில் விழுவதால் அங்கே வீக்கம் இரட்டிப்பாகிறது. எங்கள் வீட்டில் அந்த இடம் வந்ததும் ஷோகேஸில் அம்மா அடுக்கியிருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் ‘கிணிகிணி’ என்று சத்தம் போடும். மூலையில் சப்பை வைத்தால் இது உச்சத்துக்குப் போகும்.

சப்புக்குச் சரியான இடம் தேட நாங்கள் செய்தது இது: சப்பும் என் காதும் இடம் மாறிக்கொண்டன. சோபாவை ஒதுக்கிவிட்டு, நான் உட்காரும் இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, தம்பியும் நானும் சப்பைத் தூக்கி அதன் மேல் வைத்தோம். பேஸ் மேலும் கீழும் போய் வரும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையில் மண்டியிட்டு நகர்ந்தேன், காது டைல்ஸிலிருந்து ஓரடி உயரத்தில். மூலையில் ஒரே இரைச்சல். ஒரு இடத்தில் பேஸே இல்லை. டிவி மேசைக்கு இடப்பக்கம், சுவரின் நடுவையொட்டி வந்தபோது எல்லாச் சுரமும் ஒரே பருமனில் கேட்டது. அங்கே சாக்பீஸால் கோடு போட்டேன். சப் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. சோபாவையும் பின்சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுத்தோம், அடைப்பு இன்னும் கொஞ்சம் குறைந்தது.

டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் குரலை எதிரொலித்துக் கலங்கடிக்கும். முன்னால் ஒரு கனத்த ஜமுக்காளம், பின்சுவரில் ஒரு திரை, முடிந்தால் போடியிலிருந்து வரும் இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைப் பின்னால் நிறுத்தி வைத்தாலும் போதும், வசனம் தெளியும். பேஸை இவை தடுக்காது, அதற்காக இவற்றை நம்ப வேண்டாம்.

கடைசியாக ஃபேஸ் சுவிட்ச். சப்பில் 0, 180 என்று இருக்கும். கிராஸ்ஓவர் எண்ணில் சப்பும் ஸ்பீக்கரும் சேர்ந்தே பாடுகின்றன. ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் இரண்டும் அடித்துக்கொள்ளும். யூடியூபில் 80 ஹெர்ட்ஸ் டோன் கிடைக்கும், உங்களுக்கு 150. அதை மெதுவாக ஓடவிட்டு நீங்கள் சோபாவில் உட்காருங்கள், வீட்டில் ஒருவரைச் சுவிட்சை மாற்றச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் சத்தம் கூடுகிறதோ அந்தப் பக்கம் விட்டுவிடுங்கள்.

கீழ்வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். எங்களுக்கும் கீழே குடியிருப்பவர்களுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் மொத்த வால்யூமைக் குறைக்காமல் சப் லெவலை மட்டும் ஐந்து டெசிபல் இறக்கி, ரிசீவரில் ‘நைட்’ என்று வரும் வசதியைப் போட்டுவிடுகிறேன். வசனம் அப்படியே நிற்கும், வெடிச் சத்தம் தணிந்துவிடும். காலையில் பழைய எண்ணுக்குக் கொண்டுவர மறந்துவிடுவதால், அதை ரிமோட்டின் முதுகில் ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.